வெள்ளிக்கிழமை வெளிச்சம்

நுண்ணோக்கி அறைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். பொத்தான்களைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. அதற்குக் கையேடு இருக்கிறது. கையேட்டில் இல்லாததை அந்தக் கருவியே உங்களை அழ வைத்துச் சொல்லிக் கொடுத்துவிடும். நான் சொல்ல நினைப்பது வேறு. இருட்டுக்குள் உட்கார்ந்து வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு கிறக்கம் வரும். அந்தக் கருவியைக் கவனித்துக்கொண்ட வேலைக்காலம் முழுக்க எனக்கு அது இருந்தது. ஓய்வு பெற்ற பிறகும் மத்தியானத் தூக்கத்தில் வந்து போகிறது.

அறை உங்களுக்குத் தெரியும். வெளியே பாளையங்கோட்டை வெயில், கல்லூரி வாசலில் பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம், ஹாரன் சத்தம். முதல் கதவைத் திறந்து, கறுப்புத் திரையை விலக்கி, இரண்டாவது கதவைச் சாத்தியதும் எல்லாம் அடங்கிவிடும். ஏசியின் முனகல் மட்டும் கேட்கும். கண் பழகக் கொஞ்ச நேரம் ஆகும். பிறகு திரையில் ஒரு புள்ளி தெரியும். பக்கத்தில் இன்னொன்று. பார்த்துக்கொண்டே இருந்தால் திரை முழுக்க நிறைந்துவிடும். அவை நகரும், எதையோ யோசித்துக்கொண்டே போவது போல மெல்ல நகரும். நான் புன்னக்காயலில் கடலுக்குப் போகிற குடும்பத்தில் பிறந்தவள். என் அம்மா ஒருமுறை போனில் கேட்டாள்: "அப்பாவும் அண்ணன்மாரும் போனா மீனு கொண்டு வாராவ. நீ நாள் பூரா அந்த இருட்டுக்குள்ள இருந்து என்னத்தட்டி கொண்டு வாரே?" சிரித்துவிட்டுப் போனை வைத்தேன்.

கோமதியைப் பற்றிச் சொல்கிறேன். அதற்கு முன் அவள் எதைப் பார்க்க முயன்றாள் என்பதைச் சொல்ல வேண்டும். உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் எனக்குச் சொல்லப் பிடிக்கும்.

பிறக்கிற குழந்தையிடம் நோயோடு சண்டை போடச் சொந்தச் சரக்கு அதிகம் கிடையாது. தாய் தன்னிடமுள்ள எதிர்ப்பொருள்களைக் கொடுத்து அனுப்புகிறாள். ஆனால் இருவருக்கும் நடுவே ஒரு சுவர் இருக்கிறது. குடலிலும் நுரையீரலிலும்கூட அப்படிப்பட்ட சுவர்கள் உண்டு. செல்கள் தோளோடு தோள் ஒட்டி இடுக்கில்லாமல் நிற்கும். எபிதீலியம் என்று புத்தகத்தில் படித்திருப்பீர்கள். எதிர்ப்பொருள் அந்தச் சுவரைத் தாண்ட வேண்டுமென்றால் ஒரு செல்லுக்குள்ளேயே புகுந்து மறுபக்கம் வெளியே வர வேண்டும். செல்லோ உள்ளே வந்ததையெல்லாம் கரைத்துத் தின்கிற சாதி. அங்கேதான் ஏற்பி என்கிற ஒரு புரதம் காத்திருக்கிறது. அது எதிர்ப்பொருளின் வாலைப் பிடித்துக்கொள்கிறது. தின்னக் கொடுக்காமல், சின்னக் குமிழுக்குள் வைத்துக் கூட்டிப்போய், அக்கரையில் இறக்கிவிட்டுத் திரும்புகிறது. எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு இது கனவு போலத்தான் இருக்கிறது. நான் பிறப்பதற்கு முன்னால் எனக்காகவும் இது நடந்திருக்கிறது.

கோமதி சேரன்மகாதேவிப் பெண். சைவக் குடும்பம், வயல் கொஞ்சம் மிச்சம், அப்பா தாலுகா ஆபீசில் இருந்தவர். இந்தக் கடத்தலை உயிருள்ள செல்லில் அப்படியே படம் பிடிப்பதுதான் அவளுடைய ஆய்வு. சல்லடை போன்ற அடித்தளம் உள்ள சின்னக் கிண்ணத்தில் செல்களைச் சுவராக வளர்ப்பாள். பச்சையாக ஒளிரும் சாயம் ஏற்றிய எதிர்ப்பொருளை மேலே ஊற்றுவாள். நீல நிற லேசரைப் போட்டால் எதிர்ப்பொருள் போகிற வழியெல்லாம் பச்சைப் புள்ளியாகத் தெரிய வேண்டும். கூடவே ஒரு போலியும் உண்டு. அதே எதிர்ப்பொருள், அதே சாயம், ஆனால் ஏற்பி பிடிக்க முடியாதபடி வாலை மாற்றியது. நல்லது கடக்க வேண்டும், போலி கடக்கக் கூடாது. போலியும் கடந்தால் நாம் பார்ப்பது கடத்தல் இல்லை, வேறு ஏதோ. அந்தப் போலிக்கு அவள் வைத்த பெயர் பதர், நல்லதுக்கு நெல்லு. வயல்காட்டுப் பெண் வேறு எப்படிப் பெயர் வைப்பாள்? "இன்னைக்கு நெல்லு, நாளைக்குப் பதர்" என்று சொல்லிக்கொண்டு வருவாள்.

வருடக்கணக்கில் அவளுக்கு எதுவும் தெரியவில்லை. செல் செத்தது, சுவர் ஒழுகியது, கரண்ட் போனது. எல்லாம் சரியாக இருந்த நாட்களிலும் திரை மங்கலாகக் கிடந்தது. அவளுடைய வழிகாட்டியை இங்கே சார் என்றே சொல்கிறேன், பெயர் வேண்டாம். நெற்றி நிறையத் திருநீறும் மனசு நிறையப் படபடப்புமாக இருப்பவர். அவளுக்காகப் பல்கலைக்கழகத்தில் நடையாய் நடந்து காலநீட்டிப்பு வாங்கி வந்தார். இதற்கு மேல் நீட்டிப்பு இல்லை, அந்த ஆண்டு முடிவதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து என்று அங்கே சொல்லிவிட்டார்கள்.

அந்தத் தை மாதம் கோமதிக்குக் கல்யாணம். மாப்பிள்ளையும் சேரன்மகாதேவிதான், பள்ளிக்கூட வாத்தியார், அமைதியான பையன். விடுப்பு முடிந்து அவள் ஆய்வகத்துக்கு வந்த அன்று வெள்ளிக்கிழமை. தலைக்குக் குளித்து, மல்லிகைப்பூ வைத்து, புதுப்பெண் களையோடு வந்தாள். சாயங்காலம் என்னைக் கூப்பிட்டாள்.

"மேடம், பைய இங்கன வந்து பாருங்களேன்."

பார்த்தேன். செல்களின் விளிம்பெல்லாம் இளம்பச்சையாக மினுங்க, உள்ளே ஆயிரக்கணக்கில் புள்ளிகள். அவை கூட்டமாக இறங்கின, தயங்கின, வளைந்து போயின. சில இரண்டு இரண்டாகச் சேர்ந்து ஒன்றாகின. ஆழத்தை மாற்றி மாற்றிப் பார்த்தோம். சுவரின் அடிப்பக்கமும் ஒளிர்ந்தது. கடந்துவிட்டது! நாங்கள் இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அந்த அறையில் நான் கண்ட காட்சிகளிலேயே அழகானது அதுதான்.

சார் ஓடி வந்தார். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"கழுத்துல தாலி ஏறின நேரம்மா! கை கூடிட்டுல்லா!" என்றார்.

துறையே அதைத்தான் சொன்னது. மாமியார் வீட்டிலும் அதையே சொல்லிப் பூரித்துப் போனார்களாம். அடுத்த வாரம் செவ்வாயன்று முயன்றாள், மங்கல்தான். வெள்ளியன்று முயன்றாள், ஜெகஜோதி. இரண்டு மூன்று தரம் அப்படி ஆனதும் சார் தீர்மானித்துவிட்டார். வெள்ளிக்கிழமை ராசியான நாள். இனி நெல்லு எல்லாம் வெள்ளிக்கிழமை. கருவியின் வெள்ளிக்கிழமைப் பகல் முழுவதையும் கோமதிக்கே ஒதுக்கச் சொன்னார், ஒதுக்கினேன். பதருக்கு எதற்கு நல்ல நாள்? அது கடக்காது என்றுதானே காட்டப் போகிறோம்? புதனோ வியாழனோ, கருவி காலியாக இருக்கிற நாளில் பதரை வைத்தாள். பதர் இருட்டாகவே இருந்தது. நெல்லு ஒளிர்ந்தது. வேறென்ன வேண்டும்?

சிரிக்காதீர்கள். ராக்கெட் விடுகிறவர்களும் நல்ல நேரம் பார்க்கிறார்கள் என்று சார் சொல்வார். எங்களில் யாரும் அதை மூடநம்பிக்கை என்று நினைக்கவில்லை. விளைந்த வயலில்தானே விதைப்போம் என்ற மாதிரி ஒரு நினைப்பு.

இதற்கிடையில் எனக்கு ஒரு எரிச்சல் இருந்தது. சாயங்காலம் கருவியை மூடுவதற்கு முன் கைப்பிடிகளையும் கண்வில்லையையும் ஆல்கஹால் தொட்ட காகிதத்தால் துடைப்பேன். சில நாட்களில் காகிதம் மஞ்சளாகிவிடும். சாப்பிட்ட கையோடு கருவியைத் தொடுகிறார்கள் என்று கோபம் வந்தது. 'எலுமிச்சம்பழச் சாதக் கையோடு உள்ளே வராதீர்' என்று கதவில் எழுதி ஒட்டினேன். எல்லோரும் என்னைப் பார்த்தாலே கையை முகர்ந்து காட்டிக் கேலி செய்தார்கள். மஞ்சள் மட்டும் நிற்கவில்லை.

ஆடி மாதம் பெங்களூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். கோமதியின் ஆய்வுக் குழுவில் வெளி உறுப்பினர் அவர். அவர் கையெழுத்து இல்லாமல் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியாது. படங்களை அனுப்பியிருந்தோம். இவ்வளவு வெளிச்சமா, நேரில் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று கிளம்பி வந்துவிட்டார். சென்னைக்காரர், அதிகம் பேசாதவர். வேறொரு வேலையாகத் திருநெல்வேலியில் வெள்ளிக்கிழமை வரை தங்குவதாக இருந்தார். எங்களிடம் வந்தது புதன்கிழமை.

புதன்கிழமை என்றதும் சாருக்கு முகம் வாடியது. வந்தவரிடம் போய் நாள் நன்றாக இல்லை என்று சொல்ல முடியுமா? கோமதி நெல்லை வைத்தாள். நால்வரும் இருட்டில் உட்கார்ந்தோம். திரையில் ஒன்றும் தெரியவில்லை. ஓரிரு புள்ளிகள் இருப்பதுபோலத் தோன்றியது, இல்லாததுபோலவும் தோன்றியது. கோமதியின் மூச்சுச் சத்தம் எனக்குக் கேட்டது. வெகுநேரம் கழித்து அந்தப் பேராசிரியர் எழுந்தார்.

"சில நாள் அப்படித்தான் இருக்கும். வெள்ளிக்கிழமை காலையில் வருகிறேன்" என்றார்.

சாருக்கு உயிர் வந்தது. "வெள்ளிக்கிழமை கண்டிப்பாத் தெரியும் சார்!" என்று அவர் பின்னாலேயே போனார்.

நான் கருவியைத் துடைத்தேன். காகிதம் வெள்ளையாகவே இருந்தது. கோமதி தொட்ட அதே கைப்பிடி, அதே கண்வில்லை. மறுநாள் வியாழக்கிழமையும் துடைத்தேன். வெள்ளைதான். கையில் காகிதத்தை வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். முந்தைய வாரங்களில் மஞ்சள் வந்த சாயங்காலங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். எல்லாமே அவளுடைய வெள்ளிக்கிழமைகள்.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் முதல் ஆளாக வந்தாள். ஆடி வெள்ளி வேறு. ஈரம் காயாத தலைமுடி, முகத்தில் பூசிக் கழுவிய மஞ்சள், கழுத்தில் பளிச்சென்று தாலிக்கயிறு. நான் அவளைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"என்ன மேடம் அப்படிப் பாக்கிய?"

"கோமதி, பதரை என்னைக்காவது வெள்ளிக்கிழமை வச்சுப் பாத்திருக்கியாட்டி?"

"இல்லையே. அதுக்கு எதுக்கு வெள்ளிக்கிழமை?"

"கயித்துக்கு மஞ்சள் எப்பெல்லாம் தேய்ப்பே?"

"வெள்ளிக்கிழமை மட்டுந்தான் மேடம். குளிச்சிட்டு..." என்றவள் பாதியில் நிறுத்தினாள். அவள் கை தானாகவே கழுத்துக்குப் போனது. கயிற்றைத் தொட்டுவிட்டு விரலைப் பார்த்தாள்.

மஞ்சள் நீல ஒளியில் பச்சையாக ஒளிரும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். பள்ளிப் பிள்ளைகள் ஆய்வகம் பார்க்க வந்தால் அவர்களுக்கு வேடிக்கை காட்ட நானே செய்து காட்டுவேன். எண்ணெய்ப் பசையோடு சேர்கிற சாமான் அது. செல்லின் சவ்வில் போய் ஒட்டிக்கொள்ளும். சவ்வு குமிழாகி உள்ளே போனால் அதுவும் கூடப் போகும். சுவர் என்ன, ஏற்பி என்ன, யாரையும் கேட்காது. கோமதி கிண்ணத்தின் மேல் குனியும்போதெல்லாம் கயிறு வெளியே வந்து ஊசலாடும். கையுறை போட்ட விரலால் அதை உள்ளே தள்ளிவிட்டு வேலையைத் தொடர்வாள். நான் அதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், பார்த்ததாக நினைவே இல்லாமல்.

சார் உள்ளே வந்தார். "என்ன ரெண்டு பேரும் பேயறைஞ்ச மாதிரி நிக்கிய?"

சொன்னோம். அவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"இப்பமா இதைச் சொல்லுதிய? அவுக வந்துக்கிட்டே இருக்காவ" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "நெல்லை மட்டும் வையும்மா. எதிர்ப்பொருளும் அதுல போகத்தானே செய்யும்? இல்லாததையா காட்டப் போறோம்? கையெழுத்து வாங்கிக்கிடுவோம். அப்புறமா நிதானமா உக்காந்து பதரைப் பாப்போம். உன் பதிவு போயிட்டுன்னா நான் யார்கிட்டப் போயி நிக்க?"

அவரைக் கெட்டவர் என்று எண்ணாதீர்கள். அந்தப் பெண்ணுக்காக அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். அந்த நிமிடத்தில் எனக்கும் அவர் சொன்னது நியாயமாகவே பட்டது. கையெழுத்து கிடைத்தால் போதும் என்று மனசு அடித்துக்கொண்டது.

கோமதி என் பக்கம் திரும்பினாள். "நீங்க என்ன மேடம் சொல்லுதிய?"

"கிண்ணம் உன்னுது. நீ எதை வைக்கச் சொல்லுதியோ அதை வைக்கேன்."

அவள் கையுறைப் பெட்டியை எடுத்தாள்.

"ரெண்டையும் வைங்க" என்றாள். "அவுக கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டாவன்னா, அதுக்கப்புறம் நான் பதரை வெள்ளிக்கிழமை வைக்கவே மாட்டேன் மேடம். இன்னைக்கு வேண்டாம், அடுத்த வாரம் பாப்போம்னு தள்ளிக்கிட்டே போவேன். எனக்கு என்னைத் தெரியும்."

பிள்ளைகளே, இதற்கு மேல் எதையும் நான் உங்களுக்குச் சொல்லித் தர முடியாது. நல்லது என்று நம்புகிற கிண்ணமும் பதர்க் கிண்ணமும் ஒரே நாளில், ஒரே கையால், ஒரே தட்டில் வர வேண்டும் என்று கையேட்டில் போட்டிருக்கும். அதைக் கையெழுத்துக்கு முன்னால் செய்வதா பின்னால் செய்வதா என்று அதில் போட்டிருக்காது.

பேராசிரியர் வந்தார். கோமதி எப்போதும் போலவே இரண்டு கிண்ணங்களையும் தயார் செய்தாள். குனிந்தாள். கயிறு வெளியே வந்தது. விரல் அதை உள்ளே தள்ளியது. நானும் சாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

நெல்லு ஒளிர்ந்தது. ஆடி வெள்ளிக்கு இன்னும் கூடுதலாகவே ஒளிர்ந்தது. பேராசிரியர் முன்னால் சாய்ந்து, "அடேயப்பா" என்றார். சார் கண்ணை மூடிக்கொண்டார். நான் கிண்ணத்தை மாற்றினேன். பதரும் ஒளிர்ந்தது. அதே இளம்பச்சை விளிம்பு, அதே புள்ளிகள், அதே தயக்கம், அதே வளைவு. கூட்டம் கூட்டமாக அக்கரைக்கு இறங்கிக்கொண்டிருந்தன. அப்போதும் அது அழகாகவே இருந்தது, அதுதான் கொடுமை.

"இது எது?" என்று கேட்டார் அவர்.

"பதர் சார். போலி. இது கடக்கவே கூடாது" என்றாள் கோமதி. பிறகு எல்லாவற்றையும் அவளே சொன்னாள், மஞ்சளை, வெள்ளிக்கிழமையை, தாலிக்கயிற்றை. எதையும் விடவில்லை.

சந்தேகம் வேறு, நிரூபணம் வேறு. எதிர்ப்பொருளே ஊற்றாத மூன்றாவது கிண்ணம் ஒன்று இருந்தது. அதில் மஞ்சளை மட்டும் விட்டுப் பார்க்க வேண்டும். வேலையின் வேகத்தில் நான் சின்னக் கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன். "கயித்து நுனியில ஒரு பிசிறு மட்டும் குடு." கோமதி ஒரு அடி பின்னால் நகர்ந்து நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"மேடம், அதைக் கீழ வைங்க" என்றார் சார். அவ்வளவு நேரமும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தவர் எழுந்து வந்திருந்தார். "தாலிக்கயித்துல கத்திரிக்கோல் படக்கூடாது. பஞ்சுல தண்ணி தொட்டுக் கொடுங்க. அவளே தொடைச்சுத் தருவா."

எனக்கு வெட்கமாகிவிட்டது. கிறிஸ்தவர்களான எங்கள் பக்கத்திலும் தாலி உண்டு, நாங்கள் சங்கிலியில் கோத்துக்கொள்வோம். ஆனாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஈரப் பஞ்சைக் கொடுத்தேன். அவள் திரும்பி நின்று கயிற்றைத் துடைத்து, அந்தப் பஞ்சை மூன்றாவது கிண்ணத்தில் ஒற்றி எடுத்தாள். காத்திருந்தோம். லேசரைப் போட்டேன். எதிர்ப்பொருளே இல்லாத கிண்ணத்தில் பச்சை மெல்ல ஊறி, விளிம்பில் பரவி, புள்ளி புள்ளியாகி இறங்கத் தொடங்கியது.

பேராசிரியர் நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இவ்வளவு அழகான தப்பை நான் பார்த்ததில்லை."

பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவர் கோமதியிடம் திரும்பினார். "கையெழுத்துப் போட எனக்கு இப்போது எதுவும் இல்லை அம்மா. ஆண்டு முடிய இன்னும் மாதங்கள் இருக்கின்றன. எப்போது கூப்பிட்டாலும் படத்தைப் பார்க்கிறேன்."

அவர் போனபின் கோமதி மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"தாலி ஏறின நேரம்னு எல்லாரும் சொன்னாவளே மேடம்" என்றாள். "எங்க வீட்டுல கேட்டா இப்பம் என்னன்னு சொல்லுவேன்? என் தாலிதான் என் படிப்பைக் கெடுத்துட்டுன்னா?"

நான் அவள் தோளில் கை போட்டுக்கொண்டேன். அவள் அழுததைப் பார்த்து நானும் அழுதேன், அவ்வளவுதான். கீழே யாரோ சைக்கிளைச் சாத்திப் பூட்டுகிற சத்தம் கேட்டது.

சார் தன் அறையில் ஒரு வாரம் அடைந்து கிடந்தார். வெளியே வந்ததும் ஒரு சட்டம் போடப் பார்த்தார். மஞ்சள் கூடாது, சந்தனம் கூடாது, குங்குமம் கூடாது என்று ஆய்வகக் கதவில் எழுதி ஒட்டப் போனார். என் எலுமிச்சம்பழச் சாத அறிவிப்புக்குப் பக்கத்திலேயே இடம் தேடினார். நான் விடவில்லை. "நாளைக்கு இன்னொரு பெண் வருவா. அவகிட்டயும் கழுத்தைக் காட்டுன்னு கேப்பியளா?" என்று சண்டை போட்டேன். கோமதி நடுவில் வந்தாள். அழுகையெல்லாம் எப்போதோ முடிந்திருந்தது.

"சார், மஞ்சள் பச்சையாத்தானே ஒளிரும்? அடர் சிவப்புல தெரியாதுல்லா? நான் எதிர்ப்பொருளுக்குச் சிவப்புச் சாயம் ஏத்திக்கிடுதேன். அதும்பாட்டுக்கு அது இருந்துட்டுப் போகட்டும், நான் வேற நிறத்துக்குப் போயிருதேன்."

மேல்கோட்டின் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொள்ளவும் பழகினாள். அது எல்லோருக்கும் நல்ல பழக்கம், நீங்களும் போடுங்கள்.

அதன் பிறகு மழைக்காலம். சார் தெரிந்தவர்களையெல்லாம் பிடித்துச் சிவப்புச் சாயம் வரவழைத்தார். ஆற்றில் வெள்ளம் வந்து பஸ் சுற்றிப் போன நாட்களிலும் கோமதி வந்தாள். எதிர்ப்பொருளுக்கும் பதருக்கும் புதிதாகச் சாயம் ஏற்றினாள். பல வாரம் திரை காலியாகவே கிடந்தது. பிறகுதான் புரிந்தது, எங்கள் கண்ணையே அந்த வெள்ளிக்கிழமைகள் கெடுத்து வைத்திருந்தன என்று. ஜெகஜோதிக்குப் பழகி, லேசரைக் குறைத்தே வைத்திருந்தோம். உண்மையான எதிர்ப்பொருள் வெகு மங்கல். பேராசிரியர் வந்த புதன்கிழமையில் இருக்கிறதா இல்லையா என்று தோன்றிய ஓரிரு புள்ளிகளை நினைத்துக்கொண்டேன். லேசரைக் கொஞ்சம் கூட்டினோம். செல் பொசுங்காத அளவில் நிறுத்த மறுபடி கொஞ்ச நாள் பிடித்தது. பல்கலைக்கழகத்திலிருந்து நினைவூட்டல் வந்தது. சார் அதை அவளிடம் காட்டவில்லை. அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது.

கார்த்திகை முடிகிற சமயம், ஒரு வெள்ளிக்கிழமை. அவளே கேட்டு வாங்கிய நாள். இரண்டு கிண்ணங்களையும் கொண்டுவந்து வைத்தாள்.

"ரெண்டுலயும் மஞ்சள் தொட்டே வச்சிருக்கேன் மேடம்" என்றாள். "தெரிஞ்சே போட்டுருக்கேன். சந்தேகம்னு ஒண்ணு இருக்கவே கூடாது."

வெளியே மழை. அறைக்குள் அந்தச் சத்தம் வராது, ஆனால் குடையிலிருந்து சொட்டிய தண்ணீர் கதவோரம் தேங்கியிருந்தது. முதலில் நீல ஒளியைப் போட்டேன். நெல்லுக் கிண்ணத்தில் பழைய பச்சை வானம் விரிந்தது. சார் எங்கள் பின்னால் நின்று பெருமூச்சு விட்டார். சிவப்புக்கு மாற்றினேன். வானம் அணைந்துவிட்டது.

இருட்டு. காத்திருந்தோம். செல்லின் மேல்விளிம்பில் ஒரு சிவப்புப் பொட்டு தெரிந்தது. மங்கலாக, தனியாக. அது உள்ளே வந்தது. கொஞ்ச தூரம் இறங்கி நின்றது. திரும்பிவிடுமோ என்று நான் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்தேன். பக்கவாட்டில் நீண்டு, மறுபடி உருண்டு, இறங்கியது. இன்னொன்று வந்தது. அது வழியிலேயே மறைந்துபோனது. மூன்றாவது ஒன்று. முதலாவது அடிவிளிம்பைத் தொட்டது, ஒரு கணம் விரிந்தது, பிறகு செல்லுக்குள் இல்லை. அக்கரையில் இறங்கிவிட்டது. பழைய படத்துக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை. ஏழை வீட்டு விளக்கு.

சார் வாய்விட்டு, "முருகா!" என்றார்.

"கடந்துட்டுட்டி! கோமதி, கடந்துட்டு!" என்று நான் அவள் கையைப் பிடித்தேன்.

அவள் கையை விடுவித்துக்கொண்டாள். முகத்தில் ஒரு சந்தோஷமும் இல்லை. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

"பதரை வைங்க மேடம்."

கிண்ணத்தை மாற்றினேன். நீலம் போட்டேன். பச்சை மினுங்கியது, செல்கள் நலமாக இருந்தன, மஞ்சள் தன்பாட்டுக்குக் கடந்துகொண்டிருந்தது. சிவப்புக்கு மாற்றினேன்.

இருட்டு. ஆழத்தை மாற்றினேன். இருட்டு. நெல்லுக்குக் காத்திருந்த நேரத்தைவிட அதிக நேரம் காத்திருந்தோம். ஒரு பொட்டுகூட வரவில்லை. மேலும் காத்திருந்தோம். எதுவுமே இல்லை.

அந்த ஒன்றுமில்லாத திரையைப் பார்த்துத்தான் கோமதி சிரித்தாள்.